சம்பளக் கணக்கில் நான்கு பாரடைம்கள்: ஒரு மென்பொருளைத் திரும்ப எழுதிய கதை

ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் 55 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கூடுதலாகப் பிடிபட்டிருந்தது. இந்த வேலை எங்களிடம் வந்து சேர்ந்ததே அதனால்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கிளை வைத்திருக்கும் ஒரு வாழையிலை உணவகம். அங்கே அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் சமையல் உதவியாளர் ஒருவர் அந்த மாதம் 40 மணி நேரம் ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலை செய்திருக்கிறார். அவருக்கு இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிப் பிடித்தம் 187 வெள்ளி வந்திருக்க வேண்டும், சம்பளச் சீட்டில் 242 என்று இருந்தது. சட்டப்படி ஓ.டி. பணம் இ.பி.எஃப். கணக்கில் சேராது. அந்த மென்பொருள் சேர்த்துவிட்டது. 1,700 உடன் 490 வெள்ளி ஓ.டி. சேர்ந்து 2,190 ஆகி, இ.பி.எஃப். சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2,180.01 முதல் 2,200 வரை உள்ள படியில் போய் விழுந்து, 2,200க்கு 11 விழுக்காடு என்று 242 வந்திருக்கிறது. முதலாளியின் பங்கும் 221க்குப் பதில் 286 போயிருக்கிறது.

அந்த உணவகத்தில் சம்பளம் போடும் அக்காதான் இதைக் கண்டுபிடித்தார். எங்கள் குழுவில் எல்லாரும் அவரைக் கணக்கு அக்கா என்றுதான் சொல்வோம். பழைய மென்பொருளை எழுதிய நிறுவனம் ஒரு கிளாஸை (ஒரு வகைப் பொருளின் தகவலும் செயல்களும் சேர்ந்த கோட் பகுதி) மட்டும் திருத்திக் கொடுத்தது. அடுத்த மாதம் சர்வீஸ் சார்ஜில் அதே மாதிரி இன்னொரு தவறு. அப்புறம்தான் முதலாளி, சம்பளம் கணக்கிடும் பகுதியை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக எழுதித் தரச் சொல்லி எங்களிடம் வந்தார். நாங்கள் கோலாலம்பூரில் சின்னக் குழு, கோட்லின் என்ற கணினி மொழியில் எழுதுகிறவர்கள்.

இதை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. பாரடைம் என்றால் கோட் எழுதும் முறை. சின்னச் சின்னக் கணக்குகளைக் கோத்து எழுதும் ஃபங்ஷனல் முறையா, தகவலையும் அதன் செயல்களையும் ஒன்றாகக் கட்டி எழுதும் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையா என்று சண்டை போடுகிற பேச்சு நிறையக் கேட்டுவிட்டேன். ஒரே மென்பொருளுக்குள் இரண்டையும், கூடவே என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் டிக்ளரேட்டிவ் முறையையும் வைத்தால் அவை எங்கே சந்திக்க வேண்டும், சந்திக்கும் இடத்தில் எது கை மாற வேண்டும் என்று பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அதுதான் வடிவமைப்பின் பெரும்பகுதி. கணினி அறிவியலாளர் ராபர்ட் ஃபிளாய்ட் 1978இல் அந்தத் துறையின் உயரிய டூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே, புரோகிராமர்கள் தங்கள் கையிருப்பில் உள்ள பாரடைம்களைப் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். பெருக்கிக்கொண்ட பிறகு எதை எங்கே வைப்பது என்பதுதான் எங்கள் கேள்வி.

பழைய கோட்

பழைய மென்பொருளில் ஒவ்வொரு சம்பள வகையும் ஒரு கிளாஸ். அடிப்படைச் சம்பளம் ஒரு கிளாஸ், ஓ.டி. ஒன்று, அலவன்ஸ் ஒன்று, போனஸ் ஒன்று. எல்லாம் ஒரே தாய் கிளாஸிலிருந்து வாரிசாக வரும். இ.பி.எஃப். கணக்கில் சேருமா, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேருமா என்ற கேள்விகளுக்கு அந்தந்த கிளாஸே பதில் சொல்லும். பதில் சொல்லாவிட்டால் தாய் கிளாஸின் பதில் செல்லும், அந்தப் பதில் 'ஆம்'.

பினாங்குக் கிளை திறந்தபோது அங்கே ஓ.டி. பதிவு செய்யும் முறை வேறாக இருந்திருக்கிறது. அதற்காகக் 'கிளை ஓ.டி.' என்று ஒரு புது கிளாஸ் எழுதியிருக்கிறார்கள், அதை அலவன்ஸ் கிளாஸின் வாரிசாக வைத்திருக்கிறார்கள். தொகையை உள்ளிடும் திரை அலவன்ஸ் திரை மாதிரியே இருந்ததால் அது வசதியாகப் பட்டிருக்கும். அலவன்ஸுக்கு இ.பி.எஃப். உண்டு. அவ்வளவுதான், 55 வெள்ளி போய்விட்டது.

இன்ஹெரிட்டன்ஸ், அதாவது இந்த வாரிசு முறை, கெட்டது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இங்கே நடந்தது அதைவிடக் குறிப்பானது. திரையில் எப்படித் தெரிகிறது என்ற ஒரு ஒற்றுமைக்காக வாரிசு உறவு ஏற்பட்டது, சட்டம் எப்படி நடத்துகிறது என்ற இன்னொரு விஷயமும் அதே உறவு வழியாகக் கேட்காமலே கூட வந்துவிட்டது. தொடர்பே இல்லாத இரண்டு காரணங்களுக்காக மாறக்கூடியவை ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

எங்கள் குழுவில் இளையவர் ஒருவர், "அண்ணே, கிளாஸ் எல்லாத்தையும் தூக்கிட்டு ஃபங்ஷனா எழுதிட்டா முடிஞ்சுது" என்றார். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வழியில் போனாலும் இதே சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வரும். அதை ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன்.

வரிசையும் பத்தியும்

இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சம்பள வகைகளை எழுதுங்கள்: அடிப்படைச் சம்பளம், ஓ.டி., போனஸ், சர்வீஸ் சார்ஜ், கமிஷன், பயண அலவன்ஸ். மேலே இடமிருந்து வலமாகச் சட்டங்களை எழுதுங்கள்: இ.பி.எஃப்., சொக்சோ, இ.ஐ.எஸ். என்ற வேலைக் காப்புறுதி, பி.சி.பி. என்ற மாத வரிப் பிடித்தம். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பதில் வேண்டும். ஓ.டி.க்கு இ.பி.எஃப். கிடையாது, சொக்சோ உண்டு. ஆண்டு போனஸுக்கு நேர் எதிர்: இ.பி.எஃப். உண்டு, சொக்சோ கிடையாது. சர்வீஸ் சார்ஜ் ஓ.டி. மாதிரிதான், இ.பி.எஃப்.-இல் விலக்கு, சொக்சோவில் சேரும். பயண அலவன்ஸுக்கு இரண்டுமே இல்லை. இதில் பொது விதி என்று ஒன்று தேடினால் கிடைக்காது, ஒவ்வொரு சட்டமும் 'ஊதியம்' என்றால் என்ன என்று தனக்கென ஒரு வரையறை வைத்திருக்கிறது.

கிளாஸ் முறையில் எழுதினால் வரிசை ஒவ்வொன்றும் ஒரு கிளாஸ். புது சம்பள வகை வந்தால் சந்தோஷம், ஒரு கிளாஸ் சேர்த்தால் போதும். புதுச் சட்டம் வந்தால் எல்லா கிளாஸையும் திறக்க வேண்டும். ஃபங்ஷன் முறையில் எழுதினால் பத்தி ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷன். புதுச் சட்டம் வந்தால் சந்தோஷம், ஒரு ஃபங்ஷன் போதும். புது சம்பள வகை வந்தால் எல்லா ஃபங்ஷனையும் திறக்க வேண்டும். கணினி அறிவியலாளர் ஃபிலிப் வாட்லர் 1998இல் இதற்கு எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயர் வைத்தார். ஆப்ஜெக்ட் முறையும் ஃபங்ஷனல் முறையும் ஒரே கட்டத்தை வேறு வேறு திசையில் வெட்டுகின்றன, எந்தத் திசையில் வெட்டினாலும் மறு திசையில் வலி.

எந்தத் திசை அதிகம் மாறுகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம் என்பது வழக்கமான அறிவுரை. நம் நாட்டுச் சம்பளக் கணக்கில் அது உதவாது, இரண்டு திசையும் மாறுகிறது. 2018 ஜனவரியில் இ.ஐ.எஸ். வந்தபோது ஒரு முழுப் பத்தி புதிதாகச் சேர்ந்தது, தொழிலாளி 0.2, முதலாளி 0.2 விழுக்காடு. சம்பள வகைகளோ ஒவ்வொரு முதலாளியும் தன் விருப்பப்படி உண்டாக்குவது. பெருநாள் அன்பளிப்பு, வருகை ஊக்கத்தொகை, சாப்பாட்டு அலவன்ஸ் என்று வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே வெட்டாமல் விட்டுவிட்டோம். கட்டத்தைக் கட்டமாகவே டேட்டாபேஸில் வைத்தோம். சம்பள வகை, சட்டம், எந்தத் தேதியிலிருந்து, சேருமா சேராதா என்று நான்கு பத்தி உள்ள ஓர் அட்டவணை. முன்னிருப்பு பதில் என்று எதுவும் இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சம்பள வகையைப் பயன்படுத்தவே மென்பொருள் அனுமதிக்காது, முதலில் கட்டத்தை நிரப்பு என்று கேட்கும். பழைய கோடில் மௌனம் 'ஆம்' ஆனது, இங்கே மௌனத்துக்கு அர்த்தமே கிடையாது. கணக்கு அக்கா அந்த அட்டவணையைத் திரையில் பார்த்து, வரி வரியாகப் படித்து, இரண்டு இடத்தில் எங்களைத் திருத்தினார். கிளாஸாகவோ ஃபங்ஷனாகவோ இருந்திருந்தால் அவரால் படித்திருக்க முடியாது. டிக்ளரேட்டிவ் முறையின் மிகப் பெரிய பலன் எனக்கு இதுதான்: விஷயம் தெரிந்தவர் நேராகப் படித்துச் சரிபார்க்கலாம்.

தேதிப் பத்தியை, இங்கேயும் விகிதங்களுக்கான அட்டவணையிலும், அலங்காரத்துக்கு வைக்கவில்லை. இ.பி.எஃப். தொழிலாளி பங்கு 2021 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடாக இருந்து 2022 ஜூலையில் திரும்ப 11 ஆனது. சொக்சோ ஊதிய உச்சவரம்பு 2022 செப்டம்பரில் 4,000இலிருந்து 5,000 ஆகவும், 2024 அக்டோபரில் 6,000 ஆகவும் ஏறியது. குறைந்தபட்ச ஊதியம் 1,700 ஆனது 2025 பிப்ரவரி 1இல், அதுவும் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் வரை தவணை. நிலுவைச் சம்பளம் கணக்கிடும்போது அந்த மாதத்தில் என்ன விகிதமோ அதுதான் வேண்டும். விகிதத்தை கோடில் எழுதி வைத்து மாற்றிக்கொண்டே போனால் பழைய மாதத்தைத் திரும்பக் கணக்கிடவே முடியாது.

பொது விடுமுறையும் இதே மாதிரிதான். வேலைச் சட்டம் கட்டாயமாக்கிய ஐந்து விடுமுறைகளில் ஒன்று மாநிலத்தைப் பொறுத்தது. கோலாலம்பூரில் அது பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம். பினாங்கில் ஆளுநர் பிறந்தநாள், ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை. மார்ச் மாதம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பினாங்குக்கு மாறிய ஊழியருக்கு அந்த ஆண்டு இரண்டும் கிடைக்கும், எதிர்த்திசையில் மாறியவருக்கு இரண்டுமே கிடைக்காது. பழைய கோடில் ஊழியர் ஆப்ஜெக்டுக்குள் 'மாநிலம்' என்று ஒரே ஒரு மதிப்பு இருந்தது, மாற்றினால் பழையது அழிந்துவிடும். புதிதில் யார், எந்தத் தேதியிலிருந்து, எங்கே என்று ஓர் அட்டவணை, எந்த மாநிலத்தில் எந்தத் தேதி விடுமுறை என்று இன்னொன்று. இரண்டையும் இணைத்துக் கேட்டால் பதில் வருகிறது. புரோலாக் மாதிரி லாஜிக் மொழி ஒன்றைக் கொண்டுவரலாமா என்று பேச்சு வந்தது. தேவைப்படவில்லை, டேட்டாபேஸைக் கேட்கும் சாதாரண எஸ்.க்யூ.எல். மொழி போதும். அதுவும் 'எப்படி' என்று சொல்லாமல் 'என்ன வேண்டும்' என்று கேட்கிற மொழிதானே.

அட்டவணை எங்கே நிற்க வேண்டும்

அட்டவணை நன்றாக வேலை செய்ததும் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளும் ஆசை வந்தது. இ.பி.எஃப்.-இல் ஒரு விதி இருக்கிறது. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும், அதற்கு மேல் 12. ஆனால் மாதச் சம்பளம் 5,000க்குள் இருந்து, போனஸ் சேர்ந்ததால் மட்டும் அந்த மாதத் தொகை 5,000ஐத் தாண்டினால், 13தான். இதை எங்கே எழுதுவது?

குழுவில் ஒருவர், கட்டத்துக்குள் ஒரு ஃபார்முலாவை எழுத்தாகப் போட்டு, அதைப் படித்து இயக்க ஒரு சின்ன எஞ்சின் எழுதலாம் என்றார். கணக்கு அக்காவிடம் மாதிரி காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதை நான் படிச்சுச் சரின்னு சொல்ல முடியாது, நீங்களே பார்த்துக்கணும்" என்றார். அத்துடன் அந்த யோசனையைக் கைவிட்டோம். அவர் படிக்க முடியாத அட்டவணையால் என்ன பயன்? கோடைப் படித்து மொழிபெயர்க்கும் கம்பைலரும் அதைச் சரிபார்க்காது, டெஸ்ட் எழுதுவதும் கஷ்டம், பிழை வந்தால் பிழை தேடும் டீபக்கர் அதற்குள் நுழையாது. நிபந்தனை, அப்புறம் மாறி, அப்புறம் சுற்று என்று சேர்ந்து சேர்ந்து, யாரும் வடிவமைக்காத ஒரு மொழி டேட்டாபேஸுக்குள் வளர்ந்துவிடும்.

நாங்கள் வைத்த எல்லைக்கோடு: அட்டவணையில் மதிப்புகளும் பெயர்களும் மட்டும். நிபந்தனை வேண்டுமென்றால் அதை கோட்லினில் ஒரு ஃபங்ஷனாக எழுதி, அட்டவணையில் அந்த விதியின் பெயரை மட்டும் போடுவது. 'போனஸ் தாண்டல் விதி' என்று பெயர் இருந்தால் அக்காவுக்கு அது எந்த விதி என்று தெரியும், எங்களுக்கு எந்த ஃபங்ஷன் என்று தெரியும். இந்தக் கோட்டை நாங்கள் இன்றுவரை தாண்டவில்லை, தாண்டச் சொல்லி வந்த ஒவ்வொரு யோசனையும் ஒரு சின்ன ஃபங்ஷனில் முடிந்தது.

கணக்குக்கு ஃபங்ஷன்

நடுவில் இருக்கும் கணக்குப் பகுதி முழுக்க ஃபங்ஷனல். உள்ளே போவது ஒரு மாதத்துக்கான முழுத் தகவல்: ஊழியர், நேரப் பதிவு, அந்தத் தேதிக்குரிய அட்டவணைகள். வெளியே வருவது முடிவு. நடுவில் டேட்டாபேஸைத் தொடுவதில்லை, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, எதையும் மாற்றுவதில்லை. ஓரத்தில் 'இதைச் செய், அதை மாற்று' என்று படிப்படியாகச் சொல்லும் இம்பரேட்டிவ் கோட், உள்ளே தூய ஃபங்ஷன்கள் என்ற இந்த அமைப்பு பலருக்குத் தெரிந்ததுதான். ஏன் சம்பளக் கணக்குக்கு இது இவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

முதலில் முழுமையாக்கல், அதாவது சென் கணக்குக்கு ரவுண்ட் செய்வது. 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம், அதை 8ஆல் வகுத்தால் மணி ஊதியம், அதன் ஒன்றரை மடங்கு ஓ.டி. விகிதம். கடைசி வரை முழுமையாக்காமல் போனால் 40 மணிக்கு 490.38. மணி ஊதியத்தை 8.17 என்று முதலிலேயே முழுமையாக்கினால் 490.20. ஓ.டி. விகிதத்தை 12.26 என்று முழுமையாக்கினால் 490.40. பழைய மென்பொருளில் ஒவ்வொரு கிளாஸும் தன் விடையைத் தானே முழுமையாக்கிக் கொடுத்தது, அதனால் பிரிக்பீல்ட்ஸ் ஓ.டி.க்கும் பினாங்கு ஓ.டி.க்கும் சில சென் வித்தியாசம். சின்னத் தொகைதான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வேலை பார்த்த இரண்டு பேர் சீட்டை ஒப்பிட்டுப் பார்க்கும்போது நம்பிக்கை போய்விடும். ஃபங்ஷன்களைக் கோத்து எழுதியபோது முழுமையாக்கல் ஒரே ஒரு இடத்தில், கடைசியில், கண்ணுக்குத் தெரியும்படி நின்றது. தொகையை டபுள் என்ற தோராய எண் வகையில் வைக்காமல் தசம எண்ணாக வைப்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, பணம் என்றால் அப்படித்தான்.

அடுத்தது காரணம். ஒவ்வொரு ஃபங்ஷனும் தொகையை மட்டும் திருப்பித் தராமல், அந்தத் தொகை எப்படி வந்தது என்பதையும் கூடவே தருகிறது. ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதுகிறவர்கள் இதை ரைட்டர் என்பார்கள், எங்களிடம் அது தொகையும் காரணப் பட்டியலும் சேர்ந்த ஒரு சாதாரண டேட்டா கிளாஸ். சமையல் உதவியாளரின் சீட்டில் இப்போது 'இ.பி.எஃப். 187.00: அடிப்படை 1,700.00, ஓ.டி. 490.38 சேராது, படி 1,680.01 முதல் 1,700 வரை, 11 விழுக்காடு' என்று வரும். இந்த ஒரு வரிக்காகவே இந்த வேலை முழுவதையும் செய்திருக்கலாம் என்று நான் மனதார நினைக்கிறேன். தன் சம்பளத்தில் ஏன் பிடித்தார்கள் என்று தொழிலாளி யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது, சோதனை. தூய ஃபங்ஷன் என்பதால் ஆயிரக்கணக்கான கற்பனைச் சம்பளங்களைக் கொடுத்து ஒரு பொதுத் தன்மை உடைகிறதா என்று பார்க்க முடிகிறது. 'சம்பளம் கூடினால் பங்களிப்பு குறையக்கூடாது' என்று ஒன்று எழுதினோம். தொழிலாளி பங்கில் பிசகவில்லை. முதலாளி பங்கில் உடைந்தது: 5,000 வெள்ளிக்கு 650, ஒரு சென் கூடினால் 612. எங்கள் ஆள் ஒருவர் அதைப் பிழை என்று நினைத்துத் தேட ஆரம்பித்துவிட்டார். அக்காவிடம் கேட்டதும், "இல்லப்பா, சட்டமே அப்படித்தான்" என்றார். உண்மைதான், 5,000க்கு 13 விழுக்காடு, அடுத்த படியான 5,100க்கு 12 விழுக்காடு. டெஸ்டை அதற்கேற்ப மாற்றி, அந்த இடத்தில் ஏன் குறைகிறது என்று விளக்கமும் எழுதி வைத்தோம். போனஸ் விதியை எங்கே வைக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது, அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்பவர்களுக்கான விதி அது.

மூடிய பட்டியல், திறந்த பட்டியல், ஆப்ஜெக்ட்

ஊழியர் வகைகளை அட்டவணையில் வைக்கவில்லை, கோட்லினின் சீல்டு கிளாஸாக, அதாவது வெளியிலிருந்து யாரும் புது வகை சேர்க்க முடியாத மூடிய பட்டியலாக வைத்தோம். குடிமகன் அல்லது நிரந்தர வாசி, 60 வயது தாண்டிய குடிமகன், வெளிநாட்டுத் தொழிலாளி என்று. சட்டம் மட்டுமே கூட்டவோ குறைக்கவோ கூடிய பட்டியல் இது, முதலாளி உண்டாக்க முடியாது. வெறும் எண் மாற்றமும் இல்லை. 60 தாண்டிய குடிமகனுக்கு முதலாளி பங்கு 4 விழுக்காடு, தொழிலாளி பங்கு இல்லை, இ.ஐ.எஸ்.-உம் கிடையாது. ஒரு வகை கூடினால் எல்லாக் கணக்கையும் யாரோ உட்கார்ந்து யோசித்தாக வேண்டும், அந்த யோசனையைக் கம்பைலர் கட்டாயப்படுத்துகிறது.

வங்கிக் கோப்புகள் எதிர்மாதிரி. ஒவ்வொரு வங்கியும் சம்பளப் பட்டியலை வேறு வேறு அமைப்பில் கேட்கிறது, நாளைக்கு இன்னொரு வங்கி வரும், மற்றவை பற்றி அதற்குத் தெரிய வேண்டியதில்லை. இங்கே என்னென்ன செயல்கள் வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒரு இண்டர்ஃபேஸ், வங்கிக்கு ஒரு கிளாஸ். பழைய ஆப்ஜெக்ட் முறை அழகாக உட்காருகிறது. டிசைன் பேட்டர்ன் என்றால் அடிக்கடி வரும் சிக்கலுக்கான கோட் அமைப்பு; 1994இல் ஒரு புத்தகத்தில் வந்த 23 பேட்டர்ன்களில் 16 பேட்டர்ன், டைனமிக் மொழிகளில் எளிதாகிவிடும் அல்லது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் என்று கணினி அறிவியலாளர் பீட்டர் நார்விக் 1996இல் காட்டினார். வேலை செய்யும் வழியை மாற்றிப் பொருத்தும் ஸ்ட்ராட்டஜி அதில் ஒன்று, ஒரு ஃபங்ஷனை அனுப்பினால் போதும். எங்கள் வங்கிக் கோப்புக்கு அதை முயன்று பார்த்துவிட்டு கிளாஸுக்கே திரும்பினோம். தலைப்பு வரி, விவர வரி, மொத்த வரி, கோப்பின் பெயர் என்று நான்கு செயல்கள் ஒன்றாகச் சேர்ந்தே இருக்க வேண்டும். நான்கு ஃபங்ஷன்களைத் தனித்தனியாக அனுப்பினால் ஒரு வங்கியின் தலைப்போடு இன்னொரு வங்கியின் மொத்தம் கலந்துவிடும் அபாயம் இருக்கிறது.

ஆப்ஜெக்டுக்கு இன்னொரு முக்கியமான இடம், சம்பளச் சுற்று. ஒரு மாதச் சம்பளம் வரைவாகத் தொடங்கி, சரிபார்த்து, ஒப்புதல் வாங்கி, பணம் போய் முடிகிறது. அதற்கு அடையாளம் உண்டு, ஆயுள் உண்டு. ஒப்புதலுக்குப் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது, திருத்தம் வேண்டுமென்றால் அடுத்த சுற்றில் சரிக்கட்டும் வரியாகத்தான் வர வேண்டும். இந்தக் காவலை ஒரு ஆப்ஜெக்ட்தான் நன்றாகச் செய்யும். எல்லாவற்றையும் மாறா மதிப்பாக்கிவிட்டு இந்தக் காவலை பத்து இடத்தில் பரப்பி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லையில் எது கை மாறுகிறது

இத்தனையும் ஒன்றாக இருக்கும்போது பிழைகள் அநேகமாக எல்லைகளில்தான் வரும். சோதனை ஓட்டத்தில் ஒன்று நன்றாகத் தெரிந்தது. டேட்டாபேஸிலிருந்து நேரப் பதிவுகளை எடுக்கும் பகுதி ஒரு லேஸி சீக்வென்ஸைக் கணக்குப் பகுதிக்குக் கொடுத்தது. லேஸி என்றால் கேட்கும்போதுதான் எடுக்கும். கணக்குப் பகுதி கேட்பதற்குள் கனெக்ஷன் மூடிவிட்டது. பிழை வந்து நின்றதால் கண்டுபிடித்தோம். கனெக்ஷன் திறந்தே இருந்திருந்தால் அது இன்னும் மோசம்: கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது யாராவது நேரப் பதிவைத் திருத்தினால், பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. ஃபங்ஷன் தூயதாகத்தான் இருந்தது, அதற்குள் போன பொருள் தூயதாக இல்லை. டைப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே தெரியும், அதுதான் ஆபத்து.

அதனால் எல்லையைத் தாண்டுவது முடிந்த மதிப்பு மட்டும்: முழுதாக எடுத்த பட்டியல், தேதி, எண், எழுத்து. லேஸி சீக்வென்ஸ் கிடையாது, டேட்டாபேஸ் வரியை ஆப்ஜெக்டாகக் காட்டி கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓ.ஆர்.எம். ஆப்ஜெக்ட் கிடையாது, பிறகு கூப்பிடச் சொல்லிக் கொடுக்கும் கால்பேக்கும் கிடையாது. உள்ளே போனதை அப்படியே கோப்பாகச் சேமிக்கிறோம். யாராவது மூன்று மாதம் கழித்துக் கேள்வி கேட்டால் அதே கோப்பை அதே வெர்ஷனில் திரும்ப ஓட்டி அதே விடையைப் பெறலாம்.

பிழைகளுக்கும் எல்லை உண்டு. கணக்குப் பகுதி, ஓட்டத்தையே நிறுத்தும் எக்ஸெப்ஷனை எறியாது, பிழையையும் ஒரு மதிப்பாகவே திருப்பித் தரும். ஒரு ஊழியருக்குப் பிறந்த தேதி இல்லை என்பதற்காக மற்றவர்களின் சம்பளம் நிற்கக் கூடாது. அந்த ஒருவருக்கே மூன்று குறை இருந்தால் மூன்றையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டும், ஒன்றைத் திருத்தியதும் அடுத்ததைக் காட்டி அக்காவின் உயிரை எடுக்கக் கூடாது. ஓரத்தில், டேட்டாபேஸ் விழுந்தது, டிஸ்க் நிறைந்தது போன்றவற்றுக்கு எக்ஸெப்ஷன் சரிதான், அங்கே எல்லாம் நிற்கத்தான் வேண்டும்.

2025 அக்டோபர்

புது அமைப்புக்கு முதல் உண்மையான சோதனை, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இ.பி.எஃப். கட்டாயமானது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு, வீட்டுப் பணியாளர்கள் மட்டும் விலக்கு. உணவகத்தின் சமையலறையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் இருப்பதால் இது உடனே பாதித்தது.

விகிதம் அட்டவணையில் தேதியோடு போய்ச் சேர்ந்தது, அக்கா பார்த்து ஒப்புக்கொண்டார். சீல்டு கிளாஸில் வெளிநாட்டுத் தொழிலாளியை வீட்டுப் பணியாளர், மற்றவர் என்று இரண்டாகப் பிரித்ததும் கம்பைலர் தொட வேண்டிய இடங்களை எல்லாம் காட்டியது, ஒவ்வொன்றாகப் பதில் எழுதினோம். சம்பளச் சுற்று, வங்கிக் கோப்பு, டேட்டாபேஸ் கோட் எதிலும் ஒரு வரிகூட மாறவில்லை. செப்டம்பர் கோப்புகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம், பழைய விடைகள் அப்படியே வந்தன. அக்டோபர் சீட்டில் 'ஏன் இந்தப் பிடித்தம்' என்ற வரியும் தானாக வந்தது. முதல் தடவையாகப் பணம் பிடிபடுகிறவர்களுக்கு அந்த வரி ரொம்ப முக்கியம், அதனால் அதை மட்டும் மலாயிலும் வங்காளத்திலும் தமிழிலும் அச்சிடும்படி செய்தோம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தவறு வந்தது, அது பழைய மென்பொருளிலிருந்து இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் ஆண்டறிக்கைத் திரை. வெளிநாட்டவர் என்றால் இ.பி.எஃப். பத்தியைக் காலியாக விடு என்று அங்கே ஒரு நிபந்தனை நேரடியாக எழுதப்பட்டிருந்தது. இப்போதைக்கு அந்த வரியை நீக்கிவிட்டோம். அடுத்து அந்தத் திரையையும் கணக்குப் பகுதியின் முடிவுகளை மட்டும் படிக்கிற ஒன்றாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம், அதன் பிறகு பி.சி.பி. வரும். பி.சி.பி. ஜனவரியிலிருந்து மாதா மாதம் சேர்த்துக்கொண்டே வரும் கணக்கு, அதற்கு முந்தைய மாதத்தின் முடிவை அடுத்த மாதத்தின் உள்ளீடாகக் கொடுக்கும் ஃபோல்டு பொருத்தமாக இருக்கும் என்று முதல் வரைவு எழுதி வைத்திருக்கிறோம்.